கடைசிக் காட்சியில் யாருடைய கை

2018 ஜூலை 11, புதன்கிழமை. கொல்கத்தா சால்ட் லேக்கில், வங்கக் குடும்பத் திரைப்பட மேம்பாட்டு வாரியத்தின் நான்காவது மாடிக் கூட்ட அறையில், ஒரு வங்காளி மீன் சாப்பிடாமல் இருக்க முடியுமா என்ற கேள்வி அன்றைய மூன்றாவது பொருளாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

முதல் பொருள், முந்தைய கூட்டத்தின் குறிப்புகளை ஏற்பது. இரண்டாவது, அறையில் ஏ.சி.யை எவ்வளவு குளிரில் வைப்பது என்பது. அது அரைமணி நேர விவாதத்துக்குப் பிறகு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. தலைவர் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு மூன்றாவது பொருளுக்கு வந்தார்.

மூன்றாவது பொருள் மேஜையின் கடைக்கோடியில், கைப்பிடி உடைந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. தீர்த்தங்கர் ஹாஜ்ரா, ஷிப்பூர்க்காரன். பதினைந்து வருடம் தொலைக்காட்சித் தொடர்களில் உதவி இயக்குநராக இருந்து, இப்போதுதான் முதல் படத்தை எடுத்து முடித்திருந்தான். படத்தின் பெயர் ‘மாப்பிள்ளைக்கு மீன் வேண்டாம்’.

கதை இவ்வளவுதான். ஒரு பெண் ஒரு வங்கி எழுத்தரைக் காதலிக்கிறாள். பையன் தங்கமானவன், ஆனால் மீன் சாப்பிட மாட்டான். பெண்ணின் அப்பாவோ, மற்றவர்கள் கோயிலுக்குப் போகிற பயபக்தியோடு தினமும் விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு மீன் சந்தைக்குப் போகிறவர். விஷயத்தை அவரிடமிருந்து மறைக்க வேண்டும். மேஜைக்கடியில் பூனை கொழுக்கிறது, கைக்குட்டையில் குழம்பு வழிகிறது, பொய்க்கு மேல் பொய் ஏறுகிறது. கடைசியில், மாப்பிள்ளைகளுக்கு விருந்து வைக்கும் ஜமாய் சஷ்டி அன்று எல்லாம் வெளிப்பட்டுவிடுகிறது. மாமனார் எழுந்து சந்தைக்குப் போகிறார். பலாப்பிஞ்சு வாங்கிக்கொண்டு வருகிறார். மீன் இல்லாத ஒரு தட்டை மாப்பிள்ளை முன் வைத்து, “சாப்பிடு” என்கிறார். படம் முடிகிறது.

அந்தத் தட்டு கற்பனை இல்லை. தீர்த்தங்கருக்கும் மீன் பிடிக்காது. கல்யாணமான முதல் வருடம் ஜமாய் சஷ்டி அன்று அவன் மாமியார் லாவண்யா, வந்திருந்த உறவுக்கூட்டம் மொத்தமும் பார்க்க, அவன் தட்டில் பலாப்பிஞ்சுக் கறியை வைத்தாள். ஏன் சாப்பிட மாட்டாய் என்று அவள் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்து வங்காளத்தில் அதைக் கேட்காத ஒரே ஆள் அவள்தான். அந்த ஒரு நிமிடத்தைத் திரையில் வைப்பதற்காகவே அதற்கு முன்னால் இரண்டு மணி நேரப் படத்தை எடுத்திருந்தான்.

தணிக்கைச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. ஆனால் துர்கா பூஜை வாரத்தில் புதுமுக இயக்குநருக்கு எந்தத் திரையரங்கும் மாலைக் காட்சி தராது. தருவது இந்த வாரியத்தின் சொந்த அரங்குகள் மட்டும்தான், அதுவும் ‘குடும்பச் சான்று’ பெற்ற படங்களுக்கு. பூஜையை விட்டால் படம் பெட்டியிலேயே கிடக்கும்.

“படம் பார்த்தோம்” என்றார் தலைவர் பேராசிரியர் பவதோஷ் குஹ நியோகி. திருமணச் சடங்குகளில் மஞ்சளின் இடம் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். “நல்லா இருக்கு. சிரிச்சோம். நான் ரெண்டு இடத்துல சத்தமாவே சிரிச்சேன். ஆனா அந்தப் பையனுக்கு என்னதான் பிரச்சினை?”

“பிரச்சினை ஒண்ணுமில்ல சார். மீன் பிடிக்காது.”

“அது தெரியுது. ஏன்?”

“பிடிக்காது. அவ்வளவுதான்.”

உறுப்பினர் கமலிகா சோம் முன்னால் சாய்ந்தார். மேடைகளில் கவிதை சொல்கிறவர். ‘உப்பைக் கொஞ்சம் நகர்த்துங்கள்’ என்றாலும் கேட்பவர்களுக்குக் கண்ணில் நீர் வரும் குரல்.

“தம்பி, சின்ன வயசுல முள்ளு குத்திச்சா அவனுக்கு?”

“இல்லீங்க.”

“ஆத்துல முழுகி யாராவது போயிட்டாங்களா? அண்ணன், தம்பி?”

“இல்லீங்க.”

“ஒரு தங்கச்சியாவது?”

“யாரும் சாகல தீதி. இது சிரிப்புப் படம்.”

கமலிகா சோம் பெருமூச்சு விட்டார். பார்வையாளர்களுக்கு அழ ஒரு வாய்ப்பு மறுக்கப்பட்டிருப்பதாகக் குறிப்பில் எழுதச் சொன்னார். குறிப்பு எழுதிய பிரிவு அலுவலர் நிகிலேஷ் குண்டு எழுதிக்கொண்டார்.

மூன்றாவது உறுப்பினர் டாக்டர் பசுபதி மாய்த்தி, மீன்வளத் துறையின் நியமனம். திரைப்பட வாரியத்தில் மீன்வளத் துறைக்கு என்ன வேலை என்று தீர்த்தங்கர் வாசலில் விசாரித்திருந்தான். கட்டடம் அவர்களுடையது, வாடகைக்குப் பதிலாக ஓர் உறுப்பினர் பதவி கொடுத்திருக்கிறார்கள் என்று காவலாளி சொல்லியிருந்தார்.

“எங்க துறையோட கணக்குப்படி இந்த மாநிலத்துல அப்படி ஒரு ஆளே இல்ல” என்றார் மாய்த்தி. “தலைக்கு வருஷத்துக்கு இத்தனை கிலோன்னு கணக்கு இருக்கு. தலைன்னு இருந்தா அதுல மீன் இருக்கும்.”

“நான் இருக்கேன் சார்” என்றான் தீர்த்தங்கர். “நானே சாப்பிட மாட்டேன்.”

குண்டுவின் பேனா நின்றது. தேநீர் கொண்டுவந்தவர் தட்டோடு அப்படியே நின்றார்.

“எந்த ஊரு?” என்று தலைவர் மெதுவாகக் கேட்டார்.

“ஷிப்பூர்.”

“அப்பா?”

“அப்பாவும் ஷிப்பூர்தான்.”

“அது கேக்கல. அப்பா சாப்பிடுவாரா?”

“நல்லா சாப்பிடுவாரு சார். தலையைக்கூட விட மாட்டாரு.”

“பாருங்க!” என்றார் தலைவர் மற்றவர்கள் பக்கம் திரும்பி. “எப்பேர்ப்பட்ட அப்பா.”

பிறகு கொஞ்ச நேரம் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். விண்ணப்பதாரர் தன் சொந்த வழக்கில் தானே சாட்சியாக முடியாது என்று முடிவாயிற்று. மீன் கிடைத்தும் சாப்பிடாத, உடல்நலமுள்ள, மதக் காரணம் ஏதுமற்ற ஒரு வயதுவந்த வங்காளியை அடுத்த கூட்டத்துக்கு அழைத்துவர வேண்டும். அப்போதுதான் கதாநாயகன் நம்பத்தக்கவனா என்பதைப் பரிசீலிக்க முடியும்.

தீர்த்தங்கர் கொல்கத்தாவைச் சல்லடை போட்டுத் தேடினான். காளிகாட்டில் ஒருவர் கிடைத்தார், ஆனால் வைஷ்ணவர். தம்தமில் ஒருவர், சிறுநீரகக் கோளாறு, மருத்துவர் தடுத்திருக்கிறார். கடைசியில் பேஹாலாவில் ஒரு காப்பீட்டு முகவர் அகப்பட்டார். திடகாத்திரமான ஆள், கடவுள் நம்பிக்கை இல்லாதவர், ஏழு வயதிலிருந்து மீனைத் தொட்டதில்லை என்று தன் மூன்று குழந்தைகள் மேல் சத்தியம் செய்தார். தீர்த்தங்கர் அவரைச் சொந்தச் செலவில் டாக்ஸி வைத்து அழைத்துப் போனான்.

விசாரணை நன்றாகத்தான் போயிற்று. முகவர் எல்லாக் கேள்விகளுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். முடிந்து எழுந்தபோது தலைவர் மரியாதைக்காக, “சாயங்காலத்துல என்ன டிபன் சாப்பிடுவீங்க?” என்று கேட்டார்.

“தெரு முனையில ஒரு கடை இருக்கு சார். ஃபிஷ் ஃப்ரை போடுவான் பாருங்க, அப்பப்பா!”

குண்டு பேனாவை மறுபடி எடுத்தார்.

“அது மீனில்லையா?” என்றார் மாய்த்தி.

“மீனா? அது டிபன் சார்” என்றார் முகவர்.

வருத்தமான விஷயம், இந்தப் பதிலில் தவறு இருப்பதாக அறையில் தீர்த்தங்கரைத் தவிர வேறு யாருக்கும் தோன்றவில்லை. கமலிகா சோம் தலையை ஆட்டினார். குண்டு “அது சரிதான்” என்று முனகினார். ஆனாலும் விதிப்படி சாட்சி நிராகரிக்கப்பட்டார். வேறு வழியில்லாததால், விண்ணப்பதாரரை அவர் வீட்டிலேயே, சாப்பிடும் வேளையில், வாரியம் நேரில் கண்காணிப்பது என்று தீர்மானமாயிற்று.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாரியம் ஷிப்பூருக்கு வந்தது. சமையலுக்கு லாவண்யாவே வந்திருந்தாள். விதவைக்கு மீன் கூடாது என்ற வழக்கத்தை மீறித் தட்டில் மீனை விடாதவள். “என் புருஷன் போனாரு, இலிஷ் மீன் என்ன பாவம் செஞ்சுது?” என்று பத்து வருடம் முன்பே சொந்தக்காரர்கள் வாயை அடைத்தவள். காலையிலேயே சந்தைக்குப் போய் மீன்காரனோடு சண்டை போட்டு, முட்டை வைக்காத இலிஷாகப் பார்த்து வாங்கி வந்திருந்தாள்.

“எத்தன பேருடா வராங்க, தீர்த்து?”

“நாலு பேர்மா.”

“எதுக்கு?”

“நான் சாப்பிடறதப் பாக்க.”

“டிக்கெட்டு போட்டிருக்கலாமே” என்றாள் லாவண்யா, கடுகை அரைத்தபடி.

வாரியம் சாப்பிட உட்கார்ந்தது. தீர்த்தங்கருக்கு எதிரே குண்டு, கையில் பேனாவோடு. வாரியத்தின் நிபந்தனைப்படி தீர்த்தங்கரின் தட்டிலும் ஒரு துண்டு இலிஷ் வைக்கப்பட்டது. அவன் அதைத் தொடாமல் பருப்பு, பொரித்த கத்தரிக்காய், உருளைக்கிழங்கு என்று சுற்றிவந்தான். நான்கு ஜோடிக் கண்கள் அவன் விரல்களைப் பின்தொடர்ந்தன. எட்டு வயதில் ஒரு கல்யாணப் பந்தியில் மாமா அவன் மூக்கைப் பிடித்து வாயில் மீனைத் திணித்தபோதுகூட இத்தனை பேர் பார்க்கவில்லை.

மற்றவர்கள் தட்டுகளில் முள் மட்டும் மிஞ்சியது. தலைவர் மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டிவிட்டு லாவண்யாவைப் பார்த்தார்.

“அம்மா, உங்க மாப்பிள்ளை ஏன் சாப்பிட மாட்டேங்கறாரு?”

“தெரியாதே.”

“கேட்டதில்லையா?”

“இல்ல.”

“இத்தன வருஷத்துல ஒரு தரம்கூட?”

“அவன் என்ன சாப்பிடுவான்னு கேட்டேன். சாப்பிடாதத எதுக்குக் கேக்கணும்? அது என்ன, சமைக்கவா போறேன்?”

கமலிகா சோம் அந்த வாக்கியத்தை ஒருமுறை தன் குரலில் சொல்லிப் பார்த்தார். எல்லோருக்கும் கண் கலங்கியது. அந்த ஒரு கணம் தீர்த்தங்கர், எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினான்.

தலைவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, செரிமானத்துக்கு இரண்டு மூடி மருந்தைக் குடித்துவிட்டு, நின்றபடியே பேசினார்.

“அம்மாவோட அன்பு பெரிசு. நான் மறுக்கல. ஆனா அன்பு வேற, குடும்பம் வேற. அன்புன்னா ஒருத்தர அப்படியே விட்டுடறது. குடும்பம்னா விடாம இருக்கறது. நம்ம பண்பாட்டுல குடும்பம் அப்படித்தான் நின்னுருக்கு. என் மாப்பிள்ளையையே எடுத்துக்குங்க. டெல்லிப் பையன். மீன் வாசனை வந்தா அடுத்த அறைக்கு ஓடுவான். நான் விட்டேனா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கூப்பிட்டு உக்கார வெச்சேன். பக்கத்துல நாற்காலி போட்டு, அவன் முழுங்கற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். மூணு வருஷம். கடைசியில சாப்பிட்டான்.”

“இப்ப நல்லா சாப்பிடறாரா?” என்று லாவண்யா கேட்டாள்.

“இப்ப துபாய்ல இருக்கான்.”

“பொண்ணு?”

“அவளும்தான்.”

“வர்றதுண்டா?”

தலைவர் மப்ளரைச் சரிசெய்தார். “வேலை ஜாஸ்தி” என்றார்.

அறிக்கை ஒரு வாரத்தில் வந்தது. விண்ணப்பதாரரின் மீன் மறுப்பு உண்மையானது என்று வாரியம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது எடுத்துக்காட்டான நடத்தை அல்ல என்று கருதியது. இலிஷ் சிறப்பாக இருந்தது. எனவே கதாநாயகன் படம் முழுக்க மீன் சாப்பிடாமல் இருக்கலாம். கடைசிக் காட்சியில் மட்டும் சாப்பிட வேண்டும்.

செப்டம்பர் முதல் வாரம் தீர்த்தங்கர் மறுபடி அந்த உடைந்த நாற்காலியில் உட்கார்ந்தான். படத்தின் பெயரையே வாரியம் படிக்கவில்லையா என்று கேட்பதற்காக வாக்கியங்களைத் தயார் செய்து வந்திருந்தான். ஆனால் பேசச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. கூட்டம் அவனைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. கதாநாயகன் சாப்பிடுவான் என்பது முடிந்த விஷயம். எந்த மீன் என்பதுதான் இப்போது கேள்வி.

“இலிஷ்” என்றார் தலைவர். அவருடைய முன்னோர்கள் பத்மா நதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இன்றைய வங்கதேசத்தின் பாரிசாலிலிருந்து வந்தவர்கள். “இதுல பேச என்ன இருக்கு?”

“பேச இருக்கு” என்றார் கமலிகா சோம். வடக்குக் கொல்கத்தாவில் ஆறு தலைமுறையாக ஒரே வீட்டில் இருக்கிற குடும்பம். “பெண் வீடு படத்துல பாக்பஜார்ல இருக்கு. எங்க பக்கம் மாப்பிள்ளைக்கு வெக்கறது இறால். தேங்காப்பால்ல.”

“இறால் மீனே இல்ல” என்றார் மாய்த்தி. “அறிவியல்படி அது பூச்சிக்குச் சொந்தம்.”

“எங்க தாத்தா பூச்சியா சாப்பிட்டாரு?”

“நான் தாத்தாவச் சொல்லல.”

“எல்லைக்கு அந்தப் பக்கத்திலேர்ந்து வந்தவங்களுக்கு எங்க வீட்டுச் சமையல் புரியாது” என்று கமலிகா சோம் தழுதழுத்தார்.

“வந்தவங்களா?” தலைவர் எழுந்தே விட்டார். “எழுபது வருஷமாச்சு! இன்னும் வந்தவங்களா? உங்க வீட்டுல பருப்புல சர்க்கரை போடறாங்களே, அத யாராவது கேட்டோமா?”

ராஜினாமா என்ற சொல் இரண்டு பக்கமும் வந்துபோனது. தேநீர் வந்தது, ஆறியது. குண்டு எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மாய்த்தி, இந்தச் சச்சரவே வேண்டாம், எங்கள் துறை இந்த ஆண்டு திலாப்பியாவைத்தான் பிரபலப்படுத்துகிறது, குளத்தில் சீக்கிரம் வளரும், முள்ளும் குறைவு என்றார்.

“திலாப்பியாவா!” என்றார் தலைவர்.

“மாப்பிள்ளைக்கா!” என்றார் கமலிகா சோம்.

அந்த ஆண்டில் வாரியம் ஒருமனதாக நிறைவேற்றிய ஒரே தீர்மானம் திலாப்பியாவுக்கு எதிரானது. அந்த ஒற்றுமையின் சூட்டிலேயே யாருக்கும் பெருமையும் அவமானமும் தராத ரோகு மீன் ஏற்கப்பட்டது.

“சார்” என்றான் தீர்த்தங்கர். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. “அவன் சாப்பிட்டா படமே இல்ல சார். சாப்பிடாமலே அவன ஏத்துக்கறாங்க, அதுதான் படம். மத்ததெல்லாம் அதுக்குப் போற வழி.”

“படத்த யாரு தொட்டா?” என்றார் தலைவர், உண்மையாகவே மனம் புண்பட்டவராக. “ரெண்டு மணி நேரம் உங்களுது. ஒரு நிமிஷம்தான் நாங்க கேக்கறோம்.”

“கதாநாயகன் மும்பை போயிட்டான் சார். அங்க ஒரு தொடர்ல மாட்டிக்கிட்டான். நவம்பர் வரைக்கும் வர மாட்டான்.”

இதைச் சொன்னபோது உள்ளுக்குள் கொஞ்சம் தைரியம் வந்தது. நடிகன் இல்லாமல் யார் சாப்பிட முடியும்?

“முகம் எதுக்கு?” என்றார் தலைவர். “கை போதுமே. வாரியமே தன் செலவுல எடுத்துக்கொடுக்கும். நீங்க சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

அன்று மாலை தயாரிப்பாளர் பிஷுதா தொலைபேசியில் கூப்பிட்டார். பவானிப்பூரில் இனிப்புக்கடை வைத்திருக்கிறவர். கோபம் வந்தாலும் சந்தேஷ் விற்கிற குரலில்தான் பேசுவார்.

“தீர்த்து, என்னப்பா கேக்கறாங்க அவங்க?”

“கடைசியில மீன் சாப்பிடணுமாம்.”

“யாரு, நீயா?”

“கதாநாயகன்.”

“அப்ப உனக்கு என்ன? உன் தொண்டையிலயா முள்ளு மாட்டப்போகுது?”

“பிஷுதா, அந்தக் காட்சிக்காகத்தான்...”

“கேளு. என் கடையில தினம் நூறு பேர் வந்து, சர்க்கரை கம்மியா போடுங்கன்னு சொல்றாங்க. சரின்னு சொல்லி அதே இனிப்பத்தான் கொடுக்கறேன். சந்தோஷமா போறாங்க. நீ சரின்னு சொல்லு.”

“நான் சரின்னு சொன்னா அவங்க நிஜமாவே போட்டுடுவாங்களே.”

“போடட்டும்! பூஜை போயிட்டா அப்புறம் யாரு பாக்கறது உன் பலாப்பிஞ்ச? நானும் நீயும் உன் மாமியாருமா? மூணு பேருக்குப் படம் காட்ட நான் கடையிலயே திரை கட்டிக் காட்டறேன்.”

லாவண்யாவோ தன் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பூஜைக்கு வாங்கிய புடவையை முதல் காட்சிக்கு உடுத்துவதாக ஏற்பாடு. “தேதி வந்துடுச்சாடா?” என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் கேட்டாள். அவளிடம் முடிவு மாறப்போகிறது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வேறு அரங்குகளுக்கு ஏறி இறங்கினான். ஒருவர் காலை ஒன்பது மணிக் காட்சி தருவதாகச் சொன்னார், அதுவும் டிசம்பரில். மூன்றாம் நாள் சால்ட் லேக் போய்க் கையெழுத்துப் போட்டான். என்ன செய்கிறோம் என்று தெரிந்தேதான் போட்டான்.

கைத்தேர்வு வாரியத்தின் சிற்றுண்டிச்சாலையில் நடந்தது. ஊழியர்கள் வரிசையில் நின்று, ஒவ்வொருவராக உட்கார்ந்து, சாதத்தில் குழம்பை ஊற்றிப் பிசைந்து காட்டினார்கள். ஓட்டுநரின் கை முரட்டுத்தனம் என்று தள்ளப்பட்டது. கணக்குப் பிரிவு இளைஞன் கரண்டி கேட்டதால் வெளியே அனுப்பப்பட்டான். கடைசியில் நிகிலேஷ் குண்டு சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முப்பது வருடமாக அதே சிற்றுண்டிச்சாலையில் மதியம் தவறாமல் சாப்பிட்டுவந்த கை. கட்டைவிரலால் முள்ளை ஒதுக்கி, சதையைச் சாதத்தோடு சேர்த்து, உருட்டாமல் உருட்டி எடுத்தார்.

“அந்த விரல்ல ஒரு பண்பாடு இருக்கு” என்றார் தலைவர்.

“கவிதை” என்றார் கமலிகா சோம்.

கதாநாயகனுக்கு வயது இருபத்தெட்டு, சிவந்த மெலிந்த கை. குண்டுவின் கை கறுத்துத் தடித்தது, மணிக்கட்டு வரை நரைத்த ரோமம். மோதிர விரலில் பெரிய பவளம். பதவி உயர்வுக்காக ஜோசியர் போடச்சொன்னது.

“மோதிரத்தையாவது கழட்டச் சொல்லுங்க சார்” என்றான் தீர்த்தங்கர்.

“கழட்ட முடியாது” என்றார் குண்டு. முதல் தடவையாக அவனோடு நேராகப் பேசினார். “மார்ச்சுல பட்டியல் வருது. இப்ப கழட்டினா போச்சு. நீங்களே ஒரு குடும்பஸ்தர், புரிஞ்சுக்கணும்.”

தீர்த்தங்கர் படப்பிடிப்பில் நிற்கவில்லை. ஆனால் ஒளிப்பதிவாளர் அவனுடைய ஆள்தான், பிறகு சொன்னான். தட்டைப் பார்த்துப் பார்த்து, வெளிச்சத்தை மாற்றி மாற்றி, மாலை வரை எடுத்தார்களாம். குண்டு ஒவ்வொரு முறையும் துண்டை முழுசாகச் சாப்பிட்டாராம். நடிப்புக்கு ஒரு வாய் போதும் என்றதற்கு, சாப்பாட்டில் பொய் வராது என்றாராம். அடுத்த இரண்டு நாள் விடுப்பு.

அக்டோபர் 12, வெள்ளிக்கிழமை, மாலைக் காட்சி. அரங்கம் நிறைந்திருந்தது. புதுப்புடவை மணமும் வெளியே பந்தல்களின் மேளச் சத்தமும். லாவண்யா நடுவரிசையில், தெருக்காரப் பெண்கள் ஒன்பது பேர் சூழ உட்கார்ந்திருந்தாள். பூனை கொழுத்தபோது ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கைக்குட்டைக் காட்சியில் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். தீர்த்தங்கர் மாமியாருக்குப் பக்கத்து நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கடைசிக் காட்சியை நோக்கிப் போகும் ஒவ்வொரு நிமிடத்தையும் தனித்தனியாக உணர்ந்தான்.

மாமனார் பையோடு சந்தையிலிருந்து வந்தார். தட்டை வைத்தார். “சாப்பிடு” என்றார். அடுத்த கணம் திரை முழுக்க ஒரு கை வந்தது. கறுத்த, தடித்த, பவள மோதிரம் போட்ட கை. அது ரோகு மீனின் நடுத்துண்டைப் பிளந்தது, முள்ளை ஒதுக்கியது, சாதத்தோடு பிசைந்தது, மெல்ல மேலே போயிற்று. சங்கொலி எழுந்தது.

கூரை பிய்த்துக்கொண்டு போவதுபோல் கைதட்டல். முன்வரிசையில் ஒருவர் “ஆஹா, ஆஹா” என்று சாப்பிடுகிறவர்போலவே சத்தமிட்டார். தெருக்காரப் பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லாவண்யா கைதட்டவில்லை. அவன் பக்கம் சாய்ந்தாள்.

“அது யாரோட கை?”

“பிரிவு அலுவலர் கைம்மா. நம்ம வீட்டுக்கு வந்தாரே, எழுதிக்கிட்டே இருந்தாரே.”

“பையன் எங்க?”

“மும்பையில.”

“அப்ப அவன் சாப்பிடல?”

“இல்லம்மா.”

லாவண்யா திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பெயர்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

“நான் பலாப்பிஞ்சுதான வெச்சேன்?” என்றாள். அதை அவனிடம் கேட்டாளா, தன்னிடமே கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. தெருக்காரப் பெண்கள் எழுந்து, “உங்க மாப்பிள்ளை எப்பக்கா மீன் சாப்பிட ஆரம்பிச்சாரு?” என்று அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் செருப்பைத் தேடினாள்.

படம் வாரியத்தின் அரங்குகளில் மூன்று வாரம் ஓடியது. நவம்பரில் நடந்த ஆண்டு விழாவில் அதற்குச் சிறந்த குடும்பப் படத்துக்கான விருது கிடைத்தது. பாராட்டுரை கடைசிக் காட்சியை மட்டும் குறிப்பிட்டது. விருதை வாரியத்தின் சார்பில் நிகிலேஷ் குண்டு மேடையேறி வலது கையால் பெற்றுக்கொண்டார். மார்ச்சில் வந்த பட்டியலில் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

தீர்த்தங்கர் டிசம்பரில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் உதவி இயக்குநராகச் சேர்ந்தான். முதல் நாள் எடுத்தது, மாமியார் மருமகளின் பாலில் விஷம் கலக்கும் காட்சி. தொடருக்கு வாரியத்தின் குடும்பச் சான்று இருந்தது.